வண்டி வந்தால் தண்ணீர் கேட்கும்

பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் வாய்க்குள் குனிந்து பார்த்தபடி அவர் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான்களை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்ததால் ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் ஏறியிருந்தது. தோளில் வண்டி துடைக்கிற துணி. நேற்று மனைவி துவைத்துக் கொடியில் போட்டிருந்ததை எடுத்திருக்கிறார்.

"ஏங்க, கிளம்ப வேணாமா?"

"குறைஞ்சிருக்கு."

"அது எப்பவும் குறையறதுதானே. ஊத்திட்டு வாங்க."

"நேத்து சாயங்காலம்தான் ஊத்தினேன். கழுத்து வரைக்கும் ஊத்தினேன்."

விடிவதற்கு முன்பு அவருடைய அக்கா மகள் போன் செய்திருந்தாள். "அம்மா எழுந்திரிக்கல மாமா" என்றாள். அதன் பிறகு அவளால் பேச முடியவில்லை. அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "எப்போ எடுக்குறீங்க?" என்று மட்டும் கேட்டார். மத்தியானத்துக்குள் என்றார்கள். பஸ் பிடித்தால் போய்ச் சேர முடியாது. இந்த நேரத்தில் வாடகைக் காருக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. வாசலில் நிற்கிற வண்டி ஒன்றுதான். ஒரு வருஷமாக அலுவலகத்தைத் தாண்டிப் போகாத வண்டி.

என்ஜினைக் குளிர்விக்கிற பச்சைத் திரவத்தைக் கழுத்து முட்ட ஊற்றினார். மூடியை அழுத்தித் திருகினார். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

அவள் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். ஏறிய பிறகுதான் முன் இருக்கை காலியாக இருப்பது தெரிந்தது. இறங்கி மாறி உட்கார்வதற்குள் அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

முன் இருக்கை அண்ணியுடையது, அவருடைய அக்காவுடையது. அது யாரும் பேசி வைத்துக்கொள்ளாத ஏற்பாடு. வண்டியே முதலில் அண்ணியின் வீட்டுக்காரருடையதுதான். அத்தான் இறந்த பிறகு, அண்ணி சாவியைத் தம்பியின் கையில் வைத்து மூடினாள். "எனக்கு ஓட்டவும் தெரியாது, விக்கவும் மனசு வராது. நீ எடுத்துட்டுப் போ. ஆனா மாசத்துக்கு ஒருக்கா வந்து என்ன ஏத்திக்கிட்டு எங்கயாவது சுத்திட்டு வரணும். எங்கேன்னு கேக்கவே மாட்டேன்."

கேட்கவும் இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன. பஸ்படி ஏற முடியாது. இந்த வண்டியில் மட்டும், முதலில் உட்கார்ந்து பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வாள். வைத்துக்கொண்டதும் ராணி மாதிரி நிமிர்ந்து, "ம், விடு" என்பாள். பின்னால் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற இவள், "நான் என்ன பார்சலா அண்ணி?" என்றால், "பார்சல் இல்லடி. பார்சல்னா பத்திரமா வச்சுக்குவோமே" என்று சிரிப்பாள்.

வண்டி ஊரைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியது. அவருடைய கண் சாலைக்கும் டாஷ்போர்டுக்கும் போய்ப் போய் வந்தது. வெப்பமானியின் முள் பாதிக்குக் கீழே நின்றது. பின்னாலிருந்தே அவளுக்கும் அது தெரிந்தது.

"ஏறலயே?"

"இன்னும் ஏறல."

அவருக்கு வேலை நீர்வாரியத்தில். பூமிக்கடியில் போகிற குழாய்களில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. ஊர் அடங்கிய பிறகு ஒரு நீளக் கம்பியின் ஒரு முனையை வால்வின்மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். தெருவில் எந்த வீட்டுக்கு முன்னால் தோண்ட வேண்டும் என்று சொல்லிவிடுவார். அலுவலகத்தில் அவருக்கு "காது" என்றே பெயர். அந்தக் காதுக்குத்தான் இந்த வண்டி ஒரு வருஷமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அவர் விடவில்லை. இரவு முழுக்க வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் போட்டுக் காலையில் எடுத்துப் பார்த்தார். ஒரு சொட்டுக் கறை இல்லை. கால் மிதியடியைத் தூக்கி, உள்பக்கம் ஈரமா என்று முகர்ந்து பார்த்தார். எண்ணெய் மூடியைக் கழற்றி, வெள்ளையாக நுரைத்திருக்கிறதா என்று பார்த்தார். காலையில் வண்டியை ஓடவிட்டு, புகைக்குழாய்க்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், வண்டிக்கு வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். பட்டறையில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. சாயம் கலந்து நீல விளக்கு அடித்துப் பார்த்தார்கள். எங்கும் ஒளிரவில்லை. ரப்பர் ஹோஸ் குழாய்களை மாற்றினார்கள், பம்பை மாற்றினார்கள், மூடியையே மாற்றினார்கள். கடைசியில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "உள்ளுக்குள்ள எரியுதோ என்னமோ சார். பிரிச்சாத்தான் தெரியும். பிரிச்சா இந்த வயசுல தாங்காது."

ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணி போன் செய்வாள். யார் நலத்தையும் கேட்கமாட்டாள்.

"தம்பி, வண்டிக்கு எப்படி இருக்கு?"

"இன்னும் குறையுதுக்கா."

"உங்க அத்தான் வண்டியாச்சே. குடிக்காம இருக்குமா?"

இரண்டு பக்கமும் சிரிப்பார்கள். பிறகு அவர், "கசிவு நிக்கட்டும்க்கா. நின்னதும் வரேன்" என்பார். "அவசரமில்லடா. மெதுவா பாரு" என்பாள் அண்ணி.

சாலை ஒரு வாய்க்கால் பாலத்தை நெருங்கியது. வேகம் குறைவதை அவள் உணர்ந்தாள்.

"என்ன?"

"கொஞ்சம் நிறுத்தி, ஆறவிட்டுப் பாத்துடறேன். பாதி தூரம் வந்தாச்சு."

இதே பாலம். நிழலே இல்லாத இடம். சென்ற கோடையில், அண்ணியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இங்கேதான் ஹோஸ் வெடித்தது. கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி. அண்ணியால் இறங்கி நடக்க முடியாது. கதவைத் திறந்து வைத்து, வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், ஏதோ ஒரு லாரி நின்று தண்ணீர் கொடுக்கும்வரை. "உங்க அத்தானும் இப்படித்தான், நினைச்ச இடத்துல உக்காந்துக்குவார்" என்று சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் கதவைப் பிடித்திருந்த கை நடுங்கியதை அவர் பார்த்தார். அவர் பார்த்ததை இவள் பார்த்தாள்.

அன்றைக்குப் பிறகு ஹோஸை மாற்றினார். மாற்றியும், ஒரு தடவைகூட அண்ணியை வண்டியில் ஏற்றவில்லை. ஒவ்வொரு நாளும் அலுவலகத்திலிருந்து வந்ததும், காலணியைக் கழற்றுவதற்கு முன்பு, பானெட்டைத் தூக்கினார்.

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள்.

"ஒரு நிமிஷம்தான்."

"ஒரு நிமிஷத்துல ஆறாது. எடுத்துடுவாங்க. முள்ளு அங்கயேதான் இருக்கு. போங்க."

அவர் கை கியர்மேல் இருந்தது. பாலம் கடந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு மூச்சு விட்டார்.

தெருமுனையிலேயே நாற்காலிகள் தெரிந்தன. வண்டியை நிறுத்தியதும் அவர் பழக்கம்போலத் துணியை எடுத்துக்கொண்டு பானெட்டின் பக்கம் போனார். அதற்குள் யாரோ, "தம்பி வந்தாச்சு, வழி விடுங்க" என்று அவருடைய முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள்.

அண்ணி கூடத்தில் படுத்திருந்தாள். போர்வைக்குக் கீழே முழங்கால்கள் நேராக இருந்தன. அவை அவ்வளவு நேராக இருந்து அவள் பார்த்ததில்லை. அவர் தலைமாட்டில் நின்றார். கையில் துணி. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு அதனாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுப் பெரியவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வண்டி சரியாயிடுச்சாப்பா?"

அவர் திரும்பினார்.

"இல்ல, உங்க அக்கா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. வண்டி சரியானதும் தம்பி வருவான்னு. வந்துட்டியே, அதான் கேட்டேன். நல்லாயிடுச்சா?"

பெரியவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே வண்டியைத்தான் விசாரித்தார். அறையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எல்லோருக்குமே அந்த வண்டியைத் தெரிந்திருந்தது. அவர் "ம்" என்றார்.

வேன் வந்தது. தூக்கினார்கள். அவர் முன்பக்கம் தோள் கொடுத்தார். வேனில் ஏறுவதற்கு முன் நின்று, மனைவியைத் தேடி, துணியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறினார்.

வேன் போன பிறகு வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. பெண்கள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். அவளும் அக்கா மகளும் வாசலில் நாற்காலிகளை அடுக்கினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், சுவரோரம், ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருந்தது. நிறையத் தண்ணீர்.

"இது என்னடி, குடிதண்ணியா? உள்ள எடுத்து வச்சுடவா?"

"இல்ல அத்தை. அது மாமா வண்டிக்கு."

அவள் நிமிர்ந்தாள்.

"வண்டி வந்தா தண்ணி கேக்கும், வந்தவன அலைய விடக் கூடாதுன்னு அம்மா வச்சிருப்பா. வாரா வாரம் என்ன விட்டுப் பழசக் கொட்டிட்டுப் புதுசு பிடிக்கச் சொல்லுவா. கொசு வந்துடுமாம்." சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசிச் சொல்லில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் சொல்லுவேன், மாமா ஒரு நாள் பஸ்ல வந்து பாத்துட்டுப் போலாமேம்மான்னு. பஸ்ல வந்தா என்ன எப்படிடி ஏத்திக்கிட்டுப் போவான்னு கேப்பா. அவ்வளவுதான் பதில்."

அவள் ஒரு நாற்காலியின் தூசியைத் துடைத்தாள். துடைக்கும்போதுதான் கையில் இருப்பது எந்தத் துணி என்று பார்த்தாள். விரித்தாள். ஒரு மூலையில் அவர் முகம் துடைத்த ஈரம். மற்றபடி அது, நேற்றுக் கொடியில் காய்ந்தபடியே, மொடமொடவென்று காய்ந்திருந்தது.

வண்டி ஓடி நின்ற பிறகு இந்தத் துணி இப்படிக் காய்ந்து இருந்து அவள் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் பானெட்டுக்குள்ளிருந்து "உஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும். சூட்டோடு மூடியைத் திருகுகிற சத்தம். குபுக்கென்று பொங்கும். துணி வாங்கிக்கொள்ளும். அவர் உள்ளே வரும்போது அது சொட்டச் சொட்ட இருக்கும். வாரம் ஒரு தடவை அவள் அலசுவாள். வாளித் தண்ணீர் பச்சையாகும். ஒரு மாதிரி இனிப்பு வாடை. சாக்கடையில் கொட்டிவிட்டு இன்னொரு வாளி பிடிப்பாள். அட்டையில் விழாத சொட்டு, நீல விளக்கில் ஒளிராத சொட்டு எல்லாம் அவள் கையால்தான் போயிருக்கிறது. மிச்சத்துக்கு அவர் சூட்டோடு கழுத்துவரை ஊற்றுவார். பொங்கி நிற்கிற பால் ஆறினால் எங்கே நிற்கும் என்று அடுப்படியில் நிற்கிற யாருக்கும் தெரியும். காலையில் பார்த்தால் குறைந்திருக்கும்.

குறைகிறதா என்று அவர் திறந்து பார்த்த ஒவ்வொரு நாளும் குறைந்தது. இன்றைக்குத்தான் சூட்டோடு திறக்கவில்லை.

"அத்தை."

"ம்."

"கோவிச்சுக்காதீங்க. அம்மாகிட்ட கேக்க முடியல, உங்ககிட்ட கேக்கறேன். நிஜமாவே ஒழுகுச்சா? இல்ல, மாமாவுக்கு வர இஷ்டமில்லாம..."

அவள் துணியை நான்காக மடித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"குறைஞ்சுதும்மா" என்றாள். "தினமும் குறைஞ்சுது. நான் கண்ணால பாத்தேன்."

அக்கா மகள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த நாற்காலியை எடுக்கும்போது அவள் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஆண்கள் திரும்பி வந்து, குளித்து, தேநீர் குடித்து முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர் வாசலுக்கு வந்து பானெட்டைத் தூக்கினார். என்ஜின் எப்போதோ ஆறிவிட்டது. மூடி சத்தமில்லாமல் கழன்று வந்தது. அவர் குனிந்தார்.

அக்கா மகள் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "உங்க வண்டிக்குன்னு அம்மா வச்சிருந்தது, கொசு வராம வாரா வாரம் மாத்தி. எவ்வளவு ஊத்தணும் மாமா?"

அவர் நிமிரவில்லை. கழுத்து முட்டப் பச்சை நின்றது. காலையில் ஊற்றிய இடத்திலேயே, ஒரு மயிரிழை இறங்காமல். அவர் ஒரு விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தார். விரல் நனைந்தது. நனைந்த விரலைப் பார்த்தார். பிறகு துணிக்காகக் கையை நீட்டினார். மனைவி கொடுத்தாள். மடித்தபடி இருந்த அதை அவர் விரித்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா?"

"வேணாம்மா" என்றார். "நிறையத்தான் இருக்கு."

அக்கா மகள் கேனோடு நின்றாள். அவளுக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று சொல்ல முடியாது. கேனைக் கீழே வைக்கக் குனிந்தாள்.

"இல்ல, இங்க குடு" என்றார் அவர்.

வாங்கி முன் இருக்கையில் வைத்தார். கைவிட்டதும் அது சாய்ந்தது. நிமிர்த்தி, பெல்ட்டை இழுத்து அதைச் சுற்றி மாட்டினார். அவள் பின்கதவைத் திறந்து ஏறினாள்.

வழி முழுக்க அவர் முள்ளைப் பார்க்கவில்லை. அவள்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். அது பாதிக்குக் கீழேயே நின்றது. வாய்க்கால் பாலம் வந்தது, போனது. அதைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு அவர் பேசினார்.

"சில தெருவுல கசிவே இருக்காது."

"எங்க?"

"வேலையில சொல்றேன். மீட்டர்ல தண்ணி குறையும். போய்க் கேட்டா ஒரு சத்தமும் இருக்காது. ஏன்னு பாத்தா, அழுத்தம் சரியா இருக்கான்னு பாக்க நாங்களே தினம் வால்வத் திறந்துவிட்டிருப்போம். அந்தத் தண்ணிதான்."

அவள் காத்திருந்தாள். முன் இருக்கையில் கேனுக்குள் தண்ணீர் ததும்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் பானெட்டைத் தூக்கியிருந்தார். துணி மூடிமேல் இருந்தது. துணிமேல் அவர் கை. அடுப்புச் சத்தத்தை மீறி அவள் அந்த "உஸ்"ஸுக்காகக் காது கொடுத்து நின்றாள்.

வரவில்லை. கை அங்கேயே இருந்தது, சூட்டை வாங்கிக்கொண்டு. தலையைச் சாய்த்து, குழாய்களில் கேட்பதுபோல, ஆறிக்கொண்டிருக்கிற என்ஜினின் டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு துணியை எடுத்தார். பானெட்டை ஓசைப்படாமல் இறக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடிக்கவில்லை. அடிக்கிற நேரம் கடந்த பிறகும் அவர் அதன் பக்கத்திலேயே செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். அவள் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அவர் பானெட்டின் பக்கம் போகவில்லை. முன்கதவைத் திறந்தார். பெல்ட்டைக் கழற்றி, கேனை வெளியே எடுத்தார். சுவரோரம் இருந்த செடிக்கு அந்தத் தண்ணீரை மெதுவாகக் கொட்டினார். குழாயடியில் வைத்து இரண்டு தடவை குலுக்கிக் கழுவினார். விளிம்புவரை புதுத்தண்ணீர் பிடித்தார்.

அவள் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"கொசு வந்துடும்" என்றார்.

மூடியைத் திருகி, கேனை முன் இருக்கையில் நிமிர்த்தி வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.